காலி வண்டி

நாற்பத்தாறு வருசமாக ஒருத்தன்
டிக்கெட் எடுக்காமல் என் இரைப்பையில் உட்கார்ந்திருக்கிறான் என்று
நாகர்கோவிலில் குழாயை விழுங்கவைத்துக்
கண்டுபிடித்தார் டாக்டர் ஷைனி.
சின்னதிலேயே ஏறியிருப்பானாம்,
வீட்டு ஆள் யாரோடாவது.
அமிலத்தில் எப்படிப் பிழைத்தான் என்றேன்.
சுற்றிலும் கொஞ்சம் காரத்தை உண்டாக்கிக்கொண்டு
சளிப்படலத்துக்குள் திருகிப் போய்விடுவானாம்.
படத்தில் காட்டினார். திருகாணிக்கு வால் முளைத்த மாதிரி.

எனக்குக் கோபம் வரவில்லை.
மார்த்தாண்டம் தேங்காய்ப்பட்டணம் தடத்தில் இருபது வருசம் கண்டக்டர்.
ஓசியில் வருகிறவன் முகம் தெரியும்,
ஜன்னலுக்கு வெளியே ரொம்பக் கவனமாகப் பார்ப்பான்.
இவனும் அப்படித்தான் பார்த்திருக்கிறான்
என் வெறுவயிற்றுச் சாயாக்களை,
நாலு மணிக்குத் தின்ற மத்தியானச் சோற்றை.
ஆனால் எங்கப்பாவுக்கு
அது புண்ணோடு நிற்கவில்லை.
அதனால் சரி என்றேன்.

பதினாலு நாள்.
லில்லிபாய் மாத்திரைகளைப் பழைய டிக்கெட் பெட்டியில்
ஸ்டேஜ் வாரியாக அடுக்கினாள்.

மூன்றாம் நாள் நாக்கில் செல்லாத ஐம்பது காசு.
மரச்சீனியில், சாளைக் குழம்பில்,
வெறும் வெள்ளத்தில்கூட அந்தக் காசு.
பிறகு மலம் கறுத்தது. மருந்துதான், பயப்பட வேண்டாம் என்று
சீட்டிலேயே எழுதியிருந்தது. பயந்தேன்.

ஒன்பதாம் நாள் பைங்குளம் தாண்டியதும்
வயிறு ரெட்டை விசில் கொடுத்தது.
நான் ஒற்றை விசில் கொடுத்தேன்.
டிரைவர் வேலப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு
ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கம் ஒதுக்கினார்.
ஐம்பத்தெட்டுப் பேர், நாலு மீன் சருவம், ஒரு ஆட்டுக்குட்டி,
நான் வரும்வரை காத்துக் கிடந்தார்கள்.
திரும்பி ஏறியதும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை,
சில்லறை பாக்கி உள்ளவர்களைத் தவிர.

அன்றைக்குப் புரிந்தது, அல்லது புரிந்த மாதிரி இருந்தது.
மருந்துக்கு முக அடையாளம் தெரியாது.
ஒருத்தனைப் பிடிக்க ஏறிய செக்கர்
மொத்த வண்டியையும் இறக்கிவிட்டார்.
கீழ்க்குடலில் பாஸ் வைத்திருந்தவர்கள்,
நான் மெல்லாமல் விழுங்கிய நாரைப் புளிக்கவைத்து
குடல் சுவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தவர்கள்,
படியில் தொங்கியபடியே
கண்டவன் ஏறாமல் பார்த்துக்கொண்டவர்கள்,
என்ன வேலை செய்தார்கள் என்று ஷைனி டாக்டருக்கே தெரியாத
ஏராளம் பேர்.
நட்டநடு ரோட்டில்.

மாத்திரையை விட்டுவிடவா என்று போனில் கேட்டேன்.
பாதியில் நிறுத்தினால்
தப்பியவன் மருந்தைப் பழகிக்கொள்வான் என்றார்.
மோர் குடிக்கச் சொன்னார்.
குடித்தேன். மோரில் வருகிறவர்கள்
ஒரு ஸ்டேஜ் டிக்கெட்காரர்கள்,
கலகலவென்று ஏறுவார்கள்,
இருக்கையைத் துடைக்கும் முன்னே இறங்கிவிடுவார்கள்.

பழைய ஆட்கள் திரும்புவார்களா?
‘மிக்கவாறும் வருவாங்க. ரெண்டு மாசம். சிலருக்கு வருசம் ஆவும்.’
எல்லாருமா?
‘முன்னால எத்தன பேரு இருந்தாங்கன்னு
எண்ணி வச்சிருக்கியளா?’

நான் எண்ணவில்லை.
தினம் எழுநூறு டிக்கெட் கிழிக்கிறவன்
என்னை மட்டும் எண்ணவில்லை.

மருந்து முடிந்து ஒன்றரை மாசத்தில்
எதையோ குடிக்கக் கொடுத்து, காக்கவைத்து,
ஒரு பைக்குள் ஊதச் சொன்னார்கள்.
பிழைப்பே ஊதுவதுதான். பையே விறைத்துவிட்டது.
‘அவன் போயாச்சு’ என்றார்கள்.
வேலப்பன் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கித் தந்தார்.

விடிய நாலு ஐம்பது, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து முதல் டிரிப்.
வண்டியில் ஒருவரும் இல்லை. கடல் இரைச்சல் மட்டும் உள்ளே வந்து போகிறது.
இரண்டாவது பழத்தைத் தின்கையில்
வயிற்றுக்குள் ஒரு சின்னக் குமிழ்ச் சத்தம்,
யாரோ படியில் கால் வைத்த மாதிரி.
பழைய ஆளா, புது ஆளா,
எந்த ஸ்டாப்பில் இறங்குவான், ஒன்றும் தெரியாது.
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
பழக்கத்தில் சொல்கிறேன்:
உள்ள போங்க,
உள்ள எடம் கெடக்கு.